வாலிபப் பெண்களை முன்வரச் சொன்ன போதகர் ஐயாவுக்கு

அன்புள்ள போதகர் ஐயா,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், "நம் வாலிபப் பெண்கள் தலைமைப் பொறுப்புக்கு முன்வர வேண்டும்" என்று சொன்னீர்கள். கேட்டு மனம் குளிர்ந்தது. பீடத்திலிருந்து இந்த வார்த்தை வருவதற்கே பல சபைகளில் ஒரு தலைமுறை காத்திருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. அவர்கள் முன்வந்தால், எங்கே உட்கார வைக்கப்போகிறோம்? அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு சபையாருக்கும் இது உதவலாம் என்பதால் எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன்.

வேலை என்று பார்த்தால் அவர்கள் ஏற்கெனவே முன்னால்தான் நிற்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். பாடகர் குழு, விடுமுறை வேதாகமப் பள்ளி, வியாதியஸ்தரைப் போய்ப் பார்ப்பது, திரையில் பாடல் வரிகளைப் போடுவது, எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. கமிட்டி கூடும் அறையின் கதவைத் திறந்தால் மட்டும் அவர்களைக் காணோம்.

நான் முன்பு இருந்த ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். வாலிபர் முகாமுக்கான திட்டம் முழுவதையும் ஒரு பெண் தயாரித்திருந்தாள். தங்குமிடம், போக்குவரத்து, செலவுக் கணக்கு, மழை பெய்தால் என்ன செய்வது என்பது வரைக்கும். கமிட்டி முன்னால் தாளை விரித்து விளக்கினாள். மூத்தவர் ஒருவர், "சரி, பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். கேட்டது அவள் பக்கத்தில் நின்ற வாலிபனைப் பார்த்து. அவனுக்குத் தெரியாது. அவள் பக்கம் குனிந்து கேட்டுக்கொண்டு, அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான். மினிட்ஸ் புத்தகத்தில் அவன் பெயர் ஏறியது. அந்த மூத்தவர் கெட்டவர் இல்லை, அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறவர்தான். பதில் யாரிடம் இருக்கும் என்று அவர் கண் பழகியிருந்த விதம் அப்படி. அடுத்த வருஷம் முகாம் வேலைக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. "பெண் பிள்ளைகள் முன்வருவதில்லை" என்று அதே அறையில் வருத்தப்பட்டார்கள்.

ஆதரவு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள ரோமர் 16-ஆம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வாழ்த்துப் பட்டியல்தானே என்று நாம் வேகமாகக் கடந்துபோகிற அதிகாரம் அது. கெங்கிரேயா சபையின் பெபேயாளை ரோமாபுரி சபைக்குப் பவுல் அறிமுகப்படுத்துகிறார். அந்த நிருபத்தைக் கையில் கொண்டுபோனதே பெபேயாள்தான் என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. பவுல் செய்வதைக் கவனியுங்கள் ஐயா. முதலில் பெயரைச் சொல்கிறார். அவள் தன் சபையில் என்ன ஊழியத்தில் இருக்கிறாள் என்று சொல்கிறார். பிறகு, "எந்தக் காரியத்தில் உங்கள் உதவி அவளுக்குத் தேவையாயிருக்கிறதோ அதிலே" உதவிசெய்யுங்கள் என்கிறார். எது தேவை என்பதைப் பெபேயாள் சொல்வாள், சபை செய்து கொடுக்க வேண்டும். கடைசியாக, "அவள் அநேகருக்கும் எனக்குங்கூட ஆதரவாயிருந்தவள்" என்கிறார். தான் இன்னும் போய்ப் பார்த்திராத ஒரு சபைக்கு, தனக்கு ஆதரவாயிருந்தவள் ஒரு பெண் என்று அப்போஸ்தலர் வெளிப்படையாக எழுதுகிறார்.

வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பும்போது நாம் எழுதுகிற சிபாரிசுக் கடிதங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையனுக்கு, "நல்ல பிரசங்கி, தலைமைத்துவம் உள்ளவர்" என்று எழுதுகிறோம். பெண்ணுக்கு, "அமைதியானவள், கீழ்ப்படிகிறவள், நன்றாகப் பாடுவாள்." இரண்டு கடிதமும் அன்போடு எழுதியதுதான். ஆனால் படிக்கிறவர் யாருக்கு எந்த வேலை கொடுப்பார் என்பது அந்த வரிகளிலேயே முடிவாகிவிடுகிறது.

பிரசங்கத்துக்கு வருகிறேன். மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாளிலும், வருஷத்துக்கு ஒரு பெண்கள் ஞாயிறிலும் பெண்கள் பேசுகிறார்கள். மற்ற நாட்களில் கொடுப்பது சாட்சி சொல்ல ஐந்து நிமிடம். சாதாரண ஞாயிறு ஒன்றில், எந்த விசேஷமும் இல்லாமல், அன்றைய வேதபாகத்தை எடுத்து ஒரு பெண் பிரசங்கிக்கட்டும். முக்கியமான வேலை அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. ஒரு வாலிபன் பிரசங்கித்தால் நீங்கள் அவனை அழைத்து, "இரண்டாவது பகுதியில் வசனத்தை விட்டு விலகிவிட்டாய், முடிவு நீண்டுவிட்டது" என்று சொல்கிறீர்கள். அவன் அடுத்த முறை தேறிவிடுகிறான். பெண் பிரசங்கித்தால், "நல்லா பேசினாய் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதற்குள் வாசலில் நாலு பேர் அவள் குரலையும் உடுப்பையும் பற்றிப் பேசி முடித்திருப்பார்கள். அவள் என்ன பிரசங்கித்தாள் என்று யாருமே அவளிடம் பேசுவதில்லை. அவளையும் உட்கார வைத்துக் குறை நிறை சொல்லுங்கள். அதைவிடப் பெரிய மரியாதை அவளுக்கு வேண்டியதில்லை.

"உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு" என்ற வசனத்தை வாலிபப் பையன்களுக்குத்தான் எப்போதும் எடுத்துச் சொல்கிறோம். அந்த வசனத்தைப் பவுலிடமிருந்து பெற்ற இளம் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுலே எழுதியிருக்கிறாரே.

இளமை ஒரு தடை என்றால் சபைச் சரித்திரத்தில் பல பக்கங்களைக் கிழிக்க வேண்டியிருக்கும். கி.பி. 203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் இரத்தசாட்சியாக மரித்த பெர்பெத்துவாவுக்கு வயது சுமார் 22, கையில் பால்குடிக்கும் குழந்தை. சிறையில் அவர் எழுதி வைத்த குறிப்புகளைச் சபை இன்றுவரை படிக்கிறது. பிரான்ஸ் தேசத்துக் கன்னியாஸ்திரி, லிசியே நகரத் தெரேசா 1897-இல் மரித்தபோது வயது 24. நூறு வருஷம் கழித்து, 1997-இல், கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது போதனையில் முழுத் திருச்சபைக்கும் வழிகாட்டியாக, அறிவித்தது. மரித்தபின் மரியாதை கொடுப்பதற்கு நமக்கு ஒருபோதும் கஷ்டமாக இருந்ததில்லை. பார்பரா ஹாரிஸ் 1989-இல், இங்கிலாந்து திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபைகளின் முதல் பெண் பேராயரானபோது வயது 58. குருவாக அபிஷேகம் பெற்றதே ஐம்பது வயதில். நம்மிடம் இருக்கும் பிள்ளைகளையும் அவ்வளவு காலம் காக்க வைக்க வேண்டாம் ஐயா.

என் மனதை மிகவும் வருத்தும் சரித்திரம் ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற பெண்ணுடையது. இரண்டாம் உலகப்போர் நேரம். ஹாங்காங் ஜப்பானியர் கையில் இருந்ததால் அருகிலுள்ள மக்காவ் நகரத்து ஆங்கிலிக்கன் சபைக்குக் குருமார் போக முடியவில்லை. அங்கே சபையை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். ஆகவே 1944 ஜனவரியில் பேராயர் ரொனால்ட் ஹால் அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார். ஆங்கிலிக்கன் உலகில் அவர்தான் முதல் பெண் குரு. போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. பேராயருக்குத் தன்னால் இக்கட்டு வரக்கூடாது என்று 1946-இல் அவர் குருவாக ஊழியம் செய்யும் தன் உரிமத்தை விட்டுக்கொடுத்தார். அவருடைய குருத்துவத்துக்கு மறுபடி அங்கீகாரம் கிடைத்தது 1971-இல். ஆள் இல்லாதபோது "வா அம்மா", ஆள் கிடைத்ததும் "போதும் அம்மா". இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று தோன்றவில்லை. வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளர் கிடைக்காத வருஷம் ஒரு பெண்ணைப் போட்டுவிட்டு, ஒரு பையன் படிப்பு முடித்து வந்ததும் அவளை நகர்த்துகிறோமே, அதுவும் இதே கதைதான்.

வசனத்தைக் காட்டி எதிர்ப்பவர்கள் நம் சபையிலும் உண்டு. அவர்களை நான் அவமதிக்கவில்லை. சபையில் பெண்கள் பேசாமலிருக்க வேண்டும் என்ற வார்த்தை 1 கொரிந்தியர் 14-இல் இருக்கிறது. அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரம், பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடக்கிற காரியமாகவே எடுத்துக்கொண்டு ஒழுங்கு சொல்கிறது. பிரசங்கியான அப்பொல்லோவுக்கே தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டியவர்களில் பிரிஸ்கில்லாள் இருக்கிறாள். இவற்றையெல்லாம் சேர்த்து வைத்து வேதபாடத்தில் படிக்க வைப்பது உங்கள் வேலை. அந்தப் பெண்களையே எதிர்ப்புக்கு முன்னால் தனியே நிறுத்திவிடாதீர்கள். பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்காத சபைகளிலும் செய்ய நிறைய இருக்கிறது. கத்தோலிக்கரிடையே பெண்கள் திருப்பலியில் வாசகம் வாசிப்பது பல வருஷ வழக்கம். ஆனால் வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவுகிற பீடத்துணைவர் என்ற பணிகளைச் சட்டப்படி பெண்களுக்குத் திறந்தது 2021 ஜனவரியில்தான். செய்கிற வேலைக்குப் பெயரும் பொறுப்பும் கொடுக்கக்கூடிய இடம் ஒவ்வொரு சபையிலும் உண்டு.

"கல்யாணம் ஆனால் போய்விடுவாள்" என்பார்கள். பையன்களும் வேலை கிடைத்துப் போகிறார்கள். அதற்காக அவர்களுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டோமா? போகிற சபை பயன்பெறட்டும்.

பணம், பாதுகாப்பு இரண்டும் பேசத் தயங்குகிற விஷயங்கள். பையன் செய்தால் ஊழியம், அதற்கு உதவித்தொகை. பெண் செய்தால் சேவை, அதற்கு நன்றி. இது சரியில்லை. கொடுப்பதானால் இருவருக்கும் கொடுங்கள், இறையியல் படிப்புக்கும் அப்படியே. பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்காமல் ஒதுக்குவதும் நடக்கிறது. தனி அறையில் சந்திப்பு வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும், ராத்திரி நேரக் குறுஞ்செய்திகள் வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள். ஏதாவது தப்பு நடந்தால் அவள் போய்ச் சொல்வதற்கு, அவள்மேல் அதிகாரம் இல்லாத ஒருவர் இருக்க வேண்டும். அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். பிரச்சினை நடத்தை கெட்டவரிடம் இருக்கும்போது, கற்றுக்கொள்ள வந்தவளை வீட்டுக்கு அனுப்புவது நியாயமில்லை.

வருகிற மாதம் கமிட்டித் தேர்தல். பார்வையாளராக வேண்டாம், ஓட்டுரிமையோடு இரண்டு வாலிபப் பெண்கள் வரட்டும். ஒருத்தி மட்டும் இருந்தால் எல்லாப் பெண்களுக்கும் அவளே பதில் சொல்ல வேண்டி வரும், அது பெரிய சுமை. அவர்கள் கையில் ஏதாவது ஒரு துறையின் வரவு செலவை முழுசாக ஒப்படையுங்கள். தப்பு வந்தால், மற்றவர்களுக்குத் திருத்திக் கொடுப்பதுபோலத் திருத்திக் கொடுங்கள். யாரைக் கேட்பது என்று உங்களுக்கே தெரியும். பொதுவில் அழைத்தால் கை தூக்க மாட்டார்கள், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். என்ன உதவி வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

கமிட்டி கூடுவது ஆராதனைக்குப் பின், ஓய்வுநாள் பள்ளி நேரத்தில். தேர்ந்தெடுக்கப்படும் அந்தப் பெண்கள் வகுப்பு எடுப்பதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. சிறுவர் வகுப்பை அந்த நாட்களில் நான் எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு வகுப்புக்கு மூப்பர்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை