தாண்டலாம், ஓடலாம், சேர்த்துச் செய்யக் கூடாதாம்

மயிலாப்பூர், சென்னை
ஏப்ரல் 2025

அன்புள்ள தேவி,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டும் என்றால் முதலில் திட்டிவிட்டு மேலே படி. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கைத்தடி இல்லாமல் கபாலி கோயில் குளம் வரை நடந்து போய் வருகிறேன். சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரியவன் எப்போதும்போலத்தான். மாவடு போட்டாயிற்று, உனக்கு ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று.

படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பொழுது போகட்டும் என்று பேரன் போனில் ஏதேதோ விளையாட்டெல்லாம் போட்டுக் கொடுத்தான். அதில் ஒன்று நார்டிக் கம்பைண்ட். நமக்குப் பனி என்றால் மார்கழியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணகி சிலைக்குப் பின்னால் மணலில் ஓடுவோமே, அந்தப் பனிதான். இவர்கள் கழுத்தளவு பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். முதலில் ஒரு பிரம்மாண்டமான சறுக்கு மேடையிலிருந்து பாய்ந்து, காலில் கட்டிய ஸ்கை என்ற நீளப் பலகைகளை அகல விரித்துக்கொண்டு பறந்து, நூறு மீட்டர் வாக்கில் போய் இறங்குகிறார்கள். அன்றைக்கே, அதே ஆள், ஸ்கையை மாற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் மேடும் பள்ளமுமாக ஓட வேண்டும். ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. பறப்பதற்கு உடம்பு பஞ்சாக இருக்க வேண்டும். ஓடுவதற்குத் தொடையிலும் தோளிலும் வலு வேண்டும். ஒன்றுக்காக உடம்பைத் தயார் செய்தால் இன்னொன்று கெடும். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க ஊர் ஊராகப் போகிறார்கள்.

இரண்டின் மார்க்கையும் எப்படிக் கூட்டுவார்கள் என்று யோசித்தேன். கூட்டவே மாட்டார்கள்! தாண்டலில் எடுத்த புள்ளியை நேரமாக மாற்றிவிடுகிறார்கள். 15 புள்ளி பின்தங்கினால் ஒரு நிமிடம் கழித்துத்தான் ஓட்டத்தில் கிளம்பலாம், அதாவது ஒரு புள்ளிக்கு 4 வினாடி. அதனால் கோட்டை முதலில் தொடுபவர் யாரோ அவருக்குத்தான் தங்கம். கணக்கே வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். இதைக் கண்டுபிடித்தவர் குண்டர் குண்டர்சன் என்ற நார்வேக்காரர். பெயரைப் படித்ததும் யார் நினைவுக்கு வந்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் கோச் விசில் சாரேதான்.

நம் ஊர் நேரத்துக்கு மத்தியானம் தாண்டல், சாயங்காலம் ஓட்டம். நடுவில் இருக்கிற இடைவெளியில் மெதுவாக எழுந்து இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டு, காபியோடு வந்து உட்காருவேன். ஓட்டம் தொடங்குகிற அந்த இடத்தை நீ பார்க்க வேண்டும் தேவி. முதல் ஆள் கிளம்பிப் போய்விடுவார். அடுத்தவர் கோட்டில் குனிந்து நிற்பார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் போகிறவரின் முதுகு மரங்களுக்கு நடுவில் மறைவதைப் பார்த்துக்கொண்டே தன் வினாடி வரும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கையுறைக்குள் விரல்கள் மட்டும் கம்பை இறுக்குவதும் விடுவதுமாக இருக்கும். நீ ரிலேயில் பேட்டனுக்குக் காத்திருப்பாயே, அச்சு அசல் அதேதான்.

முன்னால் போகிறவருக்குத் துணை யாரும் கிடையாது. எதிர்காற்று முழுக்க அவர் முகத்தில். துரத்துகிறவர்கள் கூட்டமாகச் சேர்ந்து, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒண்டிக்கொண்டு மூச்சை மிச்சம் பிடிப்பார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் வின்சென்ஸ் கைகர் தாண்டலில் 11-ஆவது. ஒரு நிமிடம் 26 வினாடி தாமதமாகக் கிளம்பி, கடைசி நேரத்தில் எல்லோரையும் கடந்து ஒரு வினாடிகூட வித்தியாசமில்லாமல் தங்கம் வாங்கினார். பழைய பதிவைத்தான் பார்த்தேன். முடிவு தெரிந்தும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், மருமகள் ஓடி வந்தாள். இந்த சீசனில் உலகக் கோப்பைப் பட்டமும் அவருக்குத்தான்.

அதே பெய்ஜிங்கில் நார்வேயின் யார்ல் மாக்னுஸ் ரீபர். இந்த விளையாட்டில் அவர் காலத்தில் அவருக்கு இணையே இல்லை, உலகக் கோப்பைப் பட்டம் ஐந்து முறை. கோவிட் தனிமையிலிருந்து வெளியே வந்த கையோடு தாண்டலில் முதலிடம் பிடித்துவிட்டார். ஓட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் தனியாகப் போனவர், முதல் சுற்று முடிகிற இடத்தில் தவறான பாதையில் திரும்பிவிட்டார். நின்று, திரும்பி, மறுபடி சரியான பாதைக்கு வருவதற்குள் எல்லாம் போயிற்று. எட்டாவது இடம். அதற்கப்புறம் குடலில் கிரோன் நோய். இந்த சீசனோடு விளையாட்டை விடுகிறேன் என்று அறிவித்துவிட்டார். மார்ச்சில் சொந்த நாட்டில், டிரோன்ட்ஹைமில், உலகச் சாம்பியன்ஷிப் தங்கமும் வாங்கினார். ஆனால் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. பழனி போட்டியில் பேட்டன் விழுந்ததும் நீ குனிந்து நின்றாயே, ரீபர் திரும்பிய அந்த நொடியில் எனக்கு உன் முதுகுதான் தெரிந்தது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பெண்கள் போட்டியைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அவர்களுக்கு உலகக் கோப்பை தொடங்கியதே 2020 டிசம்பரில், ஆஸ்திரியாவின் ராம்ஸாவில். முதல் போட்டியில் ஜெயித்தவள் அமெரிக்காவின் தாரா கெராட்டி-மோட்ஸ். 2021-இல் முதல் உலகச் சாம்பியன்ஷிப். மூன்று பதக்கமும் நார்வேக்கு, தங்கம் கீடா வெஸ்ட்வோல்ட் ஹான்சனுக்கு. ஜப்பானில் கசாய் என்று இரட்டைச் சகோதரிகள் இருக்கிறார்கள், போனில் பார்த்தால் எனக்கு யார் யாரென்றே தெரிவதில்லை. இந்த ஆண்டு உலகக் கோப்பைப் பட்டம் ஜெர்மனியின் நதாலி ஆர்ம்ப்ரூஸ்டருக்கு. வயது 19.

அடுத்த பிப்ரவரியில் இத்தாலியில் ஒலிம்பிக். ஆண்கள் போகிறார்கள். இந்தப் பெண்கள் போக முடியாது. அவர்களுக்கு அங்கே போட்டியே கிடையாது. 1924-இல் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்து இந்த விளையாட்டு இருக்கிறது, ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு இடமே தராத ஒரே குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டு இன்றைக்கு இதுதான். இதில் எனக்குப் பொறுக்காதது என்ன தெரியுமா? பெண்களுக்குப் பனிச்சறுக்கு ஓட்டம் 1952 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. மேடைத் தாண்டல் 2014 முதல் இருக்கிறது. தாண்டலாம், ஓடலாம், இரண்டையும் ஒருத்தியே சேர்த்துச் செய்யக் கூடாது! இது என்ன நியாயம்?

2022 ஜூனில் ஒலிம்பிக் கமிட்டி சொன்ன காரணத்தைக் கேள். கடைசி மூன்று ஒலிம்பிக்கின் 27 பதக்க இடங்களையும் நான்கே நாடுகள் எடுத்துக்கொண்டன, பார்ப்பவர்களும் குறைவு. அந்த 27-ம் ஆண்கள் வாங்கியவை, தேவி. அவர்கள் கணக்கைக் காட்டி இவர்களுக்குக் கதவைச் சாத்துகிறார்கள். பெண்களுக்கு அதுவரை நடந்ததே ஒரே ஒரு உலகச் சாம்பியன்ஷிப்தான். அமெரிக்காவின் அனிகா மலசின்ஸ்கி இதை எதிர்த்து விடாமல் பேசி வருகிறாள். அவள் தம்பி நிக்லஸும் இதே விளையாட்டுதான். அதே பனி, அதே மேடை. தம்பி ஒலிம்பிக்கைக் கனவு காணலாம், அக்காள் காணக் கூடாது.

இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விசில் சார் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. “பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்தப் போட்டியே இல்லம்மா, நீ லாங் ஜம்ப்போட நிறுத்திக்கோ.” அவர் பொய் சொல்லவில்லை. 1984-இல் பெண்களுக்கு ட்ரிப்பிள் ஜம்ப், அந்த மும்முறைத் தாண்டல், எங்கே இருந்தது? எல்லோரும் போனபிறகு நீ தனியாக ஓடி வந்து தாண்டினாய். ஹாஸ்டல் தையல் டப்பாவிலிருந்து இஞ்சி டேப்பை நான்தான் எடுத்து வந்தேன். ஐந்தடி டேப். ஒவ்வொரு தடவையும் மணலில் விரலால் கோடு போட்டு, அதிலிருந்து மறுபடி வைத்து, எட்டு முறை அளந்தோம். 36 அடி 9 அங்குலம். எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருட்டிவிட்டது என்று நீ கடைசி அளவைத் தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்தாய். அதை எந்த ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை.

ஒலிம்பிக்கில் பெண்கள் ட்ரிப்பிள் ஜம்ப் வந்தது 1996-இல். உக்ரைனின் இனெசா கிராவெட்ஸ் 15.33 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி எனக்கு அனுப்பினாய். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. அன்றைக்கு நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அதற்குப் பதிலாகவும் வைத்துக்கொள்.

அந்த 19 வயதுப் பெண்ணுக்கு இன்னும் காலம் இருக்கிறது. 2030 இருக்கிறது. ஆனால் அப்போது ஆண்களுக்கே இந்த விளையாட்டு நிலைக்குமா என்று தெரியவில்லை. கூடுதல் நாடுகள் வர வேண்டும், கூடுதல் பேர் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நாடுகளைச் சேர்ப்பது என்னால் ஆகாது. பார்ப்பவர்களைச் சேர்க்கலாம் இல்லையா? மருமகள் வந்தாயிற்று, எதிர்வீட்டு மாமி வந்தாயிற்று. இட்லி மாவு வாங்க வருகிற பெண்கூட ஒரு நாள் நின்று முழு ஓட்டத்தையும் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்தது நீ.

நவம்பர் கடைசியில் சீசன் தொடங்கிவிடும். நீ டிசம்பரில் வா, கச்சேரியும் கேட்கலாம். வேலை இருக்கிறது, வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்ற பழைய பாட்டெல்லாம் வேண்டாம். ஒரு மாதம் இருக்கிற மாதிரி வா. மத்தியானம் தாண்டல், சாயங்காலம் ஓட்டம், நடுவில் காபி. இன்னொரு விஷயம். அந்த இஞ்சி டேப் உன்னிடம்தானே இருக்கிறது? டிரங்குப் பெட்டியில் தேடிப் பார். கிடைத்தால் மறக்காமல் எடுத்து வா. நாள் தெரிந்ததும் சொல், எழும்பூருக்குப் பேரனை அனுப்புகிறேன்.

உன்,
மல்லி