டவுன் பஸ் கண்டக்டர் அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

நேற்று மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி மாட்டுத்தாவணி வரை தனியாகப் போய்ச் சேர்ந்தேன். திடீரென்று நெஞ்சு படபடத்துப் பயம் பிடித்துக்கொள்ளும், அதனால் பஸ்ஸில் தனியாகப் போகவே முடியாமல் இருந்தவள் நான்; முழுக்கதையையும் இங்கே எடுக்கவில்லை. நன்றி சொல்லாமல் மட்டும் தூங்க முடியவில்லை.

நடுராத்திரிகளில் ஈ.சி.ஜி. எடுக்க அலுக்காமல் கூட்டிப்போன வீட்டுக்காரர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கீழ்வீட்டு அக்கா, இதயம், தைராய்டு எல்லாம் பார்த்த பிறகே "இது பேனிக் டிஸ்ஆர்டர்மா, திடீர் திடீர்னு வர்ற பயப் படபடப்பு, குணப்படுத்தலாம். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவுல நிறுத்திடாதீங்க" என்று சொன்ன டாக்டர், எல்லோருக்கும் என் வணக்கம். உங்களிடம் நேரிலும் சொல்லிவிடுவேன். கண்டக்டர் அண்ணன் பேர்கூடத் தெரியாது, அதனால்தான் இந்த மடல்.

பயந்த இடத்தை விட்டு ஓட ஓட, அந்த இடத்தின் மேல் பயம் கூடிக்கொண்டே போகும் என்றார் கவுன்சிலிங் மேடம். படபடப்பு பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டுத் தானே தணியும். அது தணிகிறவரை நான் அங்கேயே இருந்து பழக வேண்டும். அதனால் ஒரு ஸ்டாப், அப்புறம் இரண்டு ஸ்டாப் என்று பஸ்ஸில் போய்ப் பழகினேன். 2021-இல் வந்த மகளிர் இலவசப் பயணம் இல்லையென்றால் இத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேனா, தெரியாது.

ஏறியதும் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்குகிறவளை அண்ணன் கவனித்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. ஒருநாள் முன்வாசல் பக்கத்து சீட்டைக் காட்டி, "இங்கன உக்காரு தாயி. முடியலைன்னா ஒரு குரல் குடு, எங்கன்னாலும் விசிலடிச்சு நிறுத்துறேன்" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் சிம்மக்கல் வரை போனேன்.

இதைச் சொன்னதும் கவுன்சிலிங் மேடம், "அவர் நிறுத்துவார்ங்கிற தைரியமும் ஒரு பிடிமானம்தான். கையிலேயே வச்சிருக்கிற தண்ணி பாட்டில் மாதிரி. அதையும் விடணும்" என்றார். அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரி தாயி. இனி நீ கேட்டாலும் நிறுத்த மாட்டேன். ஸ்டாப்புலதான் இறங்கணும்."

அதற்கப்புறம் போனபோது ஏ.வி. பாலத்து நடுவில் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொண்டது, விரலெல்லாம் மரத்துப்போனது. கூட்டத்துக்கு நடுவில் அண்ணனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒரு தலையசைப்பு. அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு, டிக்கெட் போடப் பின்பக்கம் போய்விட்டார். கோரிப்பாளையம் வருவதற்குள் மூச்சு ஒழுங்காகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொள்ள நிறையப் பேர் இருந்தார்கள். என்னால் முடியும் என்று நம்பித் திரும்பிப் போனவர் நீங்கள்தான் அண்ணே. உங்கள் வீட்டார் நன்றாக இருக்கணும்.

இதே அவஸ்தையில் இருக்கிறவர்களுக்கு: நெஞ்சுவலி என்றால் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லியும் பயம் விடவில்லையா? அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416; ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மதுரைக்காரர்கள் பஸ்ஸில் பழகத் தொடங்கினால் எனக்குச் சொல்லுங்கள், கூட ஏறுகிறேன். கொஞ்ச நாள் கழித்து நான் முன்னாலேயே இறங்கிக்கொள்வேன், மிச்சத்துக்கு நீங்களே போய்விடுவீர்கள்.