பதில் வராத கிழமைகளில் மகளுக்கு

மகள்,

வேலைக்கு இன்டர்வியூ எடுத்துவிட்டு இரண்டு கிழமைக்குள் அறிவிப்போம் என்று சொன்ன கம்பனியிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, நித்திரையும் இல்லை, விடியப்புறம் 3 மணிக்கும் வாட்ஸ்அப்பில் ஆன்லைன் என்று காட்டுகிறது. கேட்டால் ஒன்றுமில்லை அம்மா என்கிறாய். போனில் கதைத்தால் உடனே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் உன் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த விசயம். இத்தனை வருடம் தாதியாக வாட்டில் நின்றதில், நெஞ்சு அடைக்குது, கை நடுங்குது, மூச்சு எடுக்க ஏலாமல் இருக்குது என்று ஓடி வந்து, ஈசிஜி எடுத்துப் பார்த்தால் இதயத்தில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பரீட்சை முடிவுக்கோ விசாவுக்கோ கலியாணப் பேச்சுக்கோ காத்துக்கொண்டு இருந்தவர்கள். அவர்களில் யாரும் நடிக்கவில்லை. ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், வயிறு தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், கை கால் எல்லாம் ஓடுவதற்குத் தயாராகும். உனக்கு ஓட வேண்டிய இடம் ஒன்றும் இல்லை, கையில் போனை வைத்துக்கொண்டு கட்டிலில் இருக்கிறாய், அதனால் அந்தப் பதகளிப்பு வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே நிற்கிறது. இதில் வெறும் வயிற்றில் பிளேன்டி வேறு. பட்டினி கிடந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பிறகு எது பசி எது பயம் என்று உனக்கே தெரியாது. பின்னேரம் 5 மணிக்குக் குடிக்கிற கோப்பியில் பாதியளவு இரவு 10 மணிக்கும் உடம்பில் நிற்கும், ஆகவே மத்தியானத்துக்குப் பிறகு கோப்பியும் தேயிலையும் வேண்டாம்.

நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் மூக்கால் நாலு எண்ணும் வரைக்கும் மூச்சை இழு, ஆறோ ஏழோ எண்ணும் வரைக்கும் மெதுவாக வெளியே விடு. வெளியே விடுகிற மூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். ஐந்து நிமிசம் செய்து பார். யோசனை முழுதும் போய்விடாது, படபடப்புக் குறையும், அதுவே போதும், மிச்சத்தை எழும்பி நடந்து தீர்க்கலாம். வெள்ளவத்தையில் கடல் உனக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, மரைன் டிரைவ் பக்கம் வெயில் தாழ அரை மணித்தியாலம் வேகமாக நட. போனை அறையில் விட்டுவிட்டுப் போ. அந்த அரை மணிக்குள் மெயில் வந்தால் அது அங்கேயே கிடக்கும்.

சரி, இப்போது கம்பனிக்காரர் விசயம். உன்னை இன்டர்வியூ எடுத்தது சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தின கிழமை. வருடப் பிறப்பு என்றால் கொழும்பில் அரைவாசிச் சனம் ஊருக்குப் போய்விடும், அலுவலகங்கள் பழைய நிலைக்கு வர நாள் எடுக்கும் என்று உனக்கே தெரியும். அதோடு உன்னோடு கதைத்த அந்த இரண்டு பேரும் மட்டும் முடிவு எடுப்பதில்லை. மற்றவர்களையும் இன்டர்வியூ எடுத்து முடிக்க வேண்டும், சம்பளத்துக்கு மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், உன்னைப் பற்றிக் கேட்க நீ பெயர் கொடுத்த ஆட்களிடம் விசாரிக்க வேண்டும், இதில் ஒருவர் லீவில் நின்றாலும் எல்லாம் நின்றுவிடும். நீயோ அவர்கள் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் உன் பாட்டில் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறாய். அந்த வரிக் கணக்குக் கேள்விக்குத் தடுமாறினது, இங்கிலிசில் ஒரு இடத்தில் நின்று யோசித்தது, வந்தாறுமூலை கம்பஸில் படித்தது, மட்டக்களப்புப் பிள்ளை என்பது, எல்லாவற்றையும் குற்றப் பத்திரிகை மாதிரி உனக்கு எதிராக அடுக்கி வைத்திருக்கிறாய். முக்கால் மணித்தியாலம் கதைத்திருக்கிறாய் மகள், அதில் தடுமாறின இரண்டு நிமிசம் மட்டும் ஏன் உனக்கு ஞாபகம் நிற்கிறது? மற்ற நேரம் முழுக்க ஒழுங்காகப் பதில் சொன்னதையும் நீதான் அன்று பின்னேரம் சந்தோசமாக எனக்குச் சொன்னாய்.

அவர்கள் சொன்ன திகதி கடந்து இரண்டு மூன்று வேலை நாள் போனபிறகு ஒரு மெயில் போடு. எந்தப் பதவி, எந்தத் திகதியில் வந்தாய், நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி, முடிவு எப்போது தெரியும். நாலைந்து வரி போதும். கேட்டால் குறை நினைப்பார்களோ என்று பயப்படாதே, மரியாதையாகக் கேட்கிற பிள்ளையை யாரும் அதுக்காகத் தள்ளமாட்டார்கள். ஆனால் நாளுக்கு ஒரு மெயில் வேண்டாம். போட்ட பிறகு அடுத்த விண்ணப்பத்தை எழுது. இதுதான் முக்கியம், இந்த ஒரு வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறபடியால்தான் இது இவ்வளவு பாரமாகிவிட்டது. இன்னும் இரண்டு இடத்துக்குப் போட்டிருந்தால் உன் மனம் ஒரே இடத்தில் கிடந்து சுற்றாது.

இனி, நீ என்னிடம் கேட்காத விசயம். உன் கோர்ஸுக்குக் காசு கட்ட என் சங்கிலியை அடைவு வைத்தது உன் மனதில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், தங்கச்சியிடம் நீ சொல்லியிருக்கிறாய். அந்தச் சங்கிலியை மீட்க உன் சம்பளத்தை நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. என் பென்சன் வருகிறது, அப்பா படுவான்கரையில் சிறுபோகத்துக்கு வயலை உழுதுகொண்டு இருக்கிறார், நாளும் பொழுதும் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறார், நவகிரிக் குளத்துத் தண்ணீர் கிடைத்தால் இந்தப் போகம் குறைவில்லாமல் வரும். வட்டி கட்டுப்படுகிறது, சங்கிலி எங்கேயும் போகாது. உன்னைப் படிப்பித்தது எங்கள் ஆசை, அதைக் கடன் என்று கணக்கு எழுதாதே. இந்த வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வீட்டில் உனக்குள்ள இடத்தில் ஒரு அணுவும் மாறாது. இதை நீ நம்ப வேண்டும், மற்றதெல்லாம் இதுக்குப் பிறகுதான்.

அப்புறம் இன்னொன்று, தாதியாகச் சொல்கிறேன். இப்படியே கிழமைக் கணக்கில் நித்திரை வராமல், ஒன்றிலும் மனம் செல்லாமல், இருந்து என்ன பயன் என்று நினைப்பு வரத் தொடங்கினால் மறைக்காதே. 1926க்கு எடு, அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். எந்த நேரம் என்றாலும் எனக்கும் எடு. வீட்டுக்கு வர வேண்டும் போல இருந்தால் உதயதேவி ரயிலில் ஏறி வா, வேலை கிடைத்த பிறகுதான் ஊருக்கு வருவேன் என்று வைராக்கியம் பிடிக்க வேண்டாம், கம்பனி மெயில் கல்லடி வீட்டிலும் வரும்.

அடுத்த தெருப் பிள்ளை வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வருகிறாள், அரிசிமாவும் கருவாடும் கொடுத்துவிடுகிறேன், இரவில் பிட்டு அவித்துச் சாப்பிடு. ஞாயிறு பின்னேரம் அப்பா வயலால் வந்தபிறகு உனக்கு எடுப்பார். உன் நிலைமையை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல்லு, அவர் கேட்டுக்கொண்டு இருப்பார்.

அன்புடன்,
அம்மா