மாத்திரை வாங்குவதற்கு முன்

அன்புள்ள சரவணனுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. போனில் சொல்லலாம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். ராத்திரி வண்டி ஓட்டும்போது எதிர்லைட் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு ரோடே தெரியவில்லை, வைட்டமின் ஏ குறைவாக இருக்கும், ஆன்லைனில் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை ஆர்டர் போடுகிறேன் என்றாய். கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மாத்திரையை வாங்காதே. வந்துவிட்டது என்றால் பிரிக்காதே.

உன் அம்மா கிராம சுகாதார நர்ஸ் என்பது உனக்கு மறந்திருக்கலாம், ஊருக்கு மறக்கவில்லை. குழந்தைகளுக்குக் கொடுக்கும் வைட்டமின் ஏ சிரப் பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியில் பாதிக் கோடு 1 மில்லி, முழுசு 2 மில்லி. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசியோடு பாதி, அதாவது 1 லட்சம் யூனிட். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக் கரண்டி, 2 லட்சம், ஐந்து வயது வரை. உனக்கும் நான்தான் ஊற்றினேன். என் புடவையிலேயே துப்பினாய்.

ஒரு கரண்டி எப்படி ஆறு மாதத்துக்குத் தாங்கும் என்று அப்போது தாய்மார்கள் கேட்பார்கள். "ஈரல்ல சேந்துக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். இப்போது கவிதாவின் நர்சிங் புத்தகத்தை எடுத்து முழுசாகப் படித்தேன். புரியாததை அவளிடம் கேட்டேன். ஏன் திடீரென்று இதெல்லாம் என்று கேட்டாள், சும்மாதான் என்றேன்.

வைட்டமின் ஏ எண்ணெயில்தான் கரையும். பித்தநீரும் சாப்பாட்டில் கொஞ்சம் கொழுப்பும் இருந்தால்தான் குடல் அதை உறிஞ்சும். முருங்கைக்கீரை, கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். அதைக் குடல் செல்களே வெட்டி ஏ ஆக்கிக்கொள்கின்றன. அப்புறம் அது கொழுப்புத் துளிகளுக்குள் ஏறுகிறது. கைலோமைக்ரான் என்று பெயர். சர்க்கரை மாதிரி நேரே கல்லீரலுக்குப் போகாது. நிணநீர்க் குழாய் வழியாக நெஞ்சுக்குள் ஏறி, இடது கழுத்தெலும்புக்குப் பின்னால் ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டுதான் கல்லீரலுக்கு வருகிறது. அங்கே நட்சத்திர வடிவில் சில செல்கள் இருக்கின்றன. உடம்பில் இருக்கும் ஏயில் பெரும்பங்கு அவற்றின் எண்ணெய்த் துளிகளில்தான் கிடக்கும். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கையிருப்பு பல மாதம் வரும்.

கவனமாகப் படி. கையிருப்பு இருந்தாலும் அது தானாகக் கண்ணுக்குப் போய்ச் சேராது. கல்லீரல் ஒரு புரதத்தைச் செய்து, அதில் ஏற்றித்தான் ரத்தத்தில் விட வேண்டும். அந்தப் புரதம் ரொம்பச் சின்னது, தனியாக விட்டால் சிறுநீரகம் வடித்து வெளியே தள்ளிவிடும். அதனால் டிரான்ஸ்தைரெட்டின் என்ற இன்னொரு பெரிய புரதம் கூடவே போகிறது, சின்னப் பிள்ளையை ஆள் துணையோடு பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் செல்கள் அதை வாங்கிக்கொண்டு, மங்கல் வெளிச்சத்தில் பார்க்கத் தேவையான ரோடாப்சினுக்குக் கொடுக்கின்றன. ஏயைச் சுமக்கும் அந்தச் சின்னப் புரதத்தைச் செய்ய உடம்பில் புரதச் சத்தும் ஜிங்கும் வேண்டும். முக்கியமாகக் கல்லீரல் நன்றாக இருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைக்கு மாலைக்கண் வந்தால் சாப்பாட்டைத்தான் முதலில் கேட்போம். உன்னை மாதிரி ஓர் ஆளுக்கு வந்தால் கல்லீரலையும் குடலையும் பார்க்கச் சொல்வார்கள். குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் இந்தக் கையிருப்பு கரைந்துபோகும், அந்த நட்சத்திர செல்களே எண்ணெயை இழந்து நாராகத் தழும்பு போட ஆரம்பிக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதுதான் பின்னால் சிரோசிஸ் வரைக்கும் போகிறது. அந்தக் கல்லீரலில் மேலும் ஏ மாத்திரையைக் கொட்டினால் அதுவே விஷமாகும் என்றும் போட்டிருக்கிறது. பெரிய மாமாவை நினைத்துக்கொண்டே அந்தப் பக்கத்தைப் படித்தேன். கடைசி ரெண்டு வருஷம் சாயங்காலம் ஆனால் வாசற்படி தெரியாமல் தடுமாறுவாரே. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வருவது நீதான். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி பவராகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய். முதலில் கண் டாக்டர், அப்புறம் ரத்தப் பரிசோதனை. மாத்திரை வேண்டாம்.

இந்தத் தெருவில் முதலில் இன்ஜினியர் ஆனது நீதான். இப்போதும் மளிகைக் கடைக்காரர் உன்னைக் காட்டித்தான் தன் பையனைத் திட்டுகிறார். அப்படிப்பட்டவன் வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிட்டால் எடுப்பதில்லை, சனிக்கிழமை மத்தியானம்தான் குரல் வருகிறது, அதுவும் கம்மிப் போய். பொங்கலுக்கு வந்தபோது முகம் வேறு உப்பலாக இருந்தது. தூக்கமில்லை என்றாய். சரி.

டாக்டர் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல். எவ்வளவு, எத்தனை நாளாக என்று அவர் கேட்பார். என்னிடம் சொல்ல வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். அவரிடம் ஒளிக்காதே. மாத்திரை மட்டும் வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன்.

முருங்கை நன்றாகத் தழைத்திருக்கிறது. நிழலில் காயவைத்துப் பொடி பண்ணி, அடுத்த வாரம் ஊரிலிருந்து வரும் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு, எண்ணெய் இல்லாமல் சாப்பிடாதே.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கவிதாவுக்கு அனுப்ப வேண்டாம், அவள் பயந்துவிடுவாள். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்று கல்லீரலுக்குப் பார்க்கிற கணக்கெல்லாம் எனக்கே படிக்கத் தெரியும்.

அன்புடன்,
அம்மா