ஞாயிறு சடங்கு: யார் யார் நிக்கிறீங்க?

மக்களே வணக்கம், ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு பாத்ஃபைண்டர் இரண்டாம் எடிஷன் கேம் (பகடை உருட்டி கேரக்டரா ஆடுற டேபிள் கேம்). செத்துப்போன நம்ம ஃபைட்டர் (சண்டைக்கார கேரக்டர்) அவன உயிர்ப்பிக்கிற சடங்கு அன்னிக்குத்தான், ஒரு ஆளு மட்டும் போட்டா நடக்காது, மெயின் ஆளோட கூட ரெண்டு பேரு கண்டிப்பா வேணும்.

1. க்ளெரிக்தான் (பூசாரி கேரக்டர்) மெயின், ரிலிஜன் ஸ்கில்ல எக்ஸ்பர்ட் லெவல் இருக்கான்னு கேரக்டர் ஷீட்ல ஒருதடவ பாத்துடுங்க.

2. துணைக்கு ஒருத்தர் மெடிசின் ஸ்கில்லுக்கு, இன்னொருத்தர் சொசைட்டி ஸ்கில்லுக்கு பகடை உருட்டணும். இவங்க ரெண்டு பேரும்தான் முதல்ல உருட்டுவாங்க. கிரிட்டிகல் சக்சஸ்னா (ரொம்ப நல்லா பாஸானா) மெயின் ஆளோட உருட்டலுக்கு +2, சும்மா பாஸானா ஒண்ணும் இல்ல, ஃபெயிலானா -4. கிரிட்டிகல் ஃபெயில்னா (ரொம்ப மோசமா ஃபெயிலானா) -4 போக மெயின் ஆளோட ரிசல்ட்டும் ஒரு படி இறங்கிடும், அதனால தயவுசெஞ்சு அந்த ஸ்கில்ல நல்ல போனஸ் இருக்கவங்க மட்டும் கை தூக்குங்க, ஆசைக்கு வேணாம். மெயின் உருட்டல் ரொம்ப மோசமா போனா அந்த உடம்புல கெட்ட ஆவி புகுந்துடலாம், எனக்கு அந்த கேரக்டர் ரொம்ப பிடிக்கும்.

3. சடங்குக்கு வேண்டிய வைரம்: லெவலுக்கு 75 தங்கக் காசு மதிப்பு, ஃபைட்டர் லெவல் 9, மொத்தம் 675. யார்கிட்ட எவ்ளோ இருக்கு?

4. சடங்குக்கு கேம்ல ஒரு முழு நாள் ஆகும், நடுவுல வேற வேலை வைக்காதீங்க.

வெள்ளி ராத்திரிக்குள்ள பேரு, ஸ்கில், போனஸ் மூணும் இங்கயே போடுங்க.