மாஸ்டர் முன்வரிசையில் இல்லாத ஆண்டு: செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, மாஸ்டரின் குடும்பத்தாரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். அவர்களைப் பற்றிப் பிறகு கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பள்ளியின் முன்னாள் ஓட்டக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளராக இது என் நான்காவது அறிக்கை. முதல் மூன்றையும், நமக்கெல்லாம் ஓட்டப் பயிற்சி தந்த மாஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வாசித்து முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார். போன வருடம், "பத்தொன்பது நிமிஷம். அடுத்த தடவை குறைக்கணும்" என்றார். இந்தத் தடவை குறையாது.

முதலில் வழக்கமான பணிகள். நிர்வாகக் குழு ஐந்து முறை கூடியது, அதில் இரண்டு முறைதான் கூட்டம் செல்லத் தேவையான ஆட்கள் இருந்தார்கள். ஆண்டு ஓட்டப் போட்டி நடந்தது. நீளம் தாண்டும் குழிக்குப் புது மணல் போட்டோம். ஓட்டப் பாதைக் கோடுகளைப் புதுப்பித்தோம், மழை அழித்தது, மறுபடியும் போட்டோம். விடுமுறைப் பயிற்சி முகாம் நடக்கவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பாதி உண்மை. மீதிப் பாதியையும் இந்த அறிக்கையிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் மாஸ்டர் காலமானார். இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. சுவரோரம் நின்றவர்களே இரண்டு வரிசை. ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அடி வாங்கிய கதை, பேருந்துக்குக் காசு கொடுத்த கதை, பரீட்சைக்கு முதல் நாள் மைதானத்திலிருந்து வீட்டுக்குத் துரத்திவிட்ட கதை. இதையெல்லாம் எழுதி ஒரு நினைவுப் புத்தகமாகப் போடலாம் என்று நான் சொன்னபோது கைதட்டல் நிற்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் தருவதாக அங்கேயே 41 பேர் பெயர் கொடுத்தார்கள். பென்சிலில் எழுதிக்கொண்டேன், இன்னும் வைத்திருக்கிறேன். இதுவரை வந்தவை 9 பக்கங்கள். அதில் இரண்டு நான் எழுதியவை.

அன்று என் தோளில் கை போட்டு, "என்ன உதவி வேணும்னாலும் ஒரு வார்த்தை சொல்லு" என்ற நண்பருக்கு எட்டு முறை போன் செய்தேன். எட்டாவது முறை அவருடைய மகன் எடுத்து, "அப்பா குளிக்கிறாங்க" என்றான். அப்போது சாயங்காலம் நாலு மணி. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சரி, பக்கங்கள் வராவிட்டால் போகட்டும் என்று இருந்தபோதுதான் நோட்டுகள் வந்தன. மாஸ்டரின் துணைவியார் ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, அலமாரியைக் காலி பண்றேன். இந்த நோட்டெல்லாம் உங்க ஆளுங்களோடதுதானே, வந்து எடுத்துக்கோங்க" என்றார். மொத்தம் 22 நீள நோட்டுகள், அட்டையில் எண் போட்டு, நூலால் கட்டியிருந்தன. நமக்கெல்லாம் அந்த நோட்டைத் தெரியும், ஆனால் தூரத்திலிருந்துதான் தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஸ்டாப்வாட்சைப் பார்ப்பார், அக்குளில் இருக்கும் நோட்டை எடுத்து எழுதுவார், மூடிவிடுவார். உள்ளே என்ன எழுதினார் என்று யாருக்கும் காட்டியதில்லை.

இடது பக்கத்தில் பெயர், தூரம், நேரம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். வலது பக்கம் வீட்டுக்கு. அதுதான் எனக்குப் புதிது. 'பெரியவனுக்குக் கணக்கில் 38. இனி ஆறு மணிக்கு வீட்டில் இருக்கணும்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. நாம் எல்லோரும் மாஸ்டர் ஏன் திடீரென்று ஐந்தே முக்காலுக்கு விசில் ஊத ஆரம்பித்தார் என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்த வருடம் அது. 'அவளுக்குக் காய்ச்சல், காலைப் பயிற்சி இல்லை.' 'பாப்பாவுக்கு முதல் பல் விழுந்தது.' இன்னொரு நாள், இடது பக்கத்தில் ரிலே அணித் தேர்வின் நேரங்கள் வரிசையாக இருக்க, வலது பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'பாப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். 40 மீட்டரில் விட்டேன். விழவில்லை.'

இதை அவருடைய மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் விழுந்தேனே அங்கிள், அதுக்கடுத்த நாள்" என்று சிரித்தார். அடுத்த நாள் பக்கத்தைப் பார்த்தேன். விழுந்தது பதிவாகவில்லை. மாஸ்டர் எழுதாமல் விட்ட ஒரே நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். மகன் சொன்னது வேறு: "அப்பா எங்களை வெச்சு ஒருநாளும் ஸ்டாப்வாட்சை எடுத்ததில்லை. பள்ளிக்கூடத்துலயே தீர்ந்துடும் போல." பிள்ளைகள் இரண்டு பேருமே ஓடவில்லை. ஓடச் சொல்லவும் இல்லை.

இந்த நோட்டுகளை எழுத்து மாறாமல் படியெடுக்கும் வேலைதான் என் ஆண்டு முழுவதையும் விழுங்கியது. நிர்வாகக் குழுவில் ஒருவர், "வெறும் நேரங்களை அச்சடிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று அன்று சொல்லி வைத்தேன். நியாயமில்லை. அந்த நேரங்கள் எப்படி எழுதப்பட்டன என்பது தெரிந்தால் மாஸ்டர் யார் என்பது தெரிந்துவிடும்.

கையால் அமுக்கும் வாட்சில் 11.52 விநாடி விழுந்தால், விதிப்படி 11.6 என்றுதான் எழுத வேண்டும். பத்தில் ஒரு பங்காக மாற்றும்போது எப்போதும் மேலே ஏற்ற வேண்டுமே தவிர இறக்கக்கூடாது. நாங்கள் கெஞ்சுவோம். "சார், 11.5 போடுங்க சார், ரெண்டு தானே சார்." அவர் 11.6 போட்டுவிட்டு, "அந்த ரெண்டை நீ ஓடிக் குறை" என்பார். யாரும் பார்க்காத பயிற்சி நாளிலும் அதே 11.6 தான். நான் படித்த நோட்டுகளில் ஒரு இடத்திலாவது யாருக்காவது சலுகை காட்டியிருக்கிறாரா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

அதேபோல், முடிவுக் கோட்டில் வாட்சோடு நிற்பவன் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அமுக்கினால் அவனைத் திட்டுவார். சத்தம் 100 மீட்டர் கடந்து வர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். புகையைப் பார்த்துத்தான் அமுக்க வேண்டும். "சத்தத்தைக் கேட்டு அமுக்கினா ஓடறவனுக்கு நீ தானம் பண்றேன்னு அர்த்தம்." காயம்பட்டு ஓட முடியாமல் உட்கார்ந்த நாட்களில் நான் கற்ற வேலை அது. இன்றைக்கும் எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் என் கண் புகையைத்தான் தேடுகிறது.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவுக்கு 55.42, வெண்கலம் வாங்கியவருக்கு 55.41. அந்த இரண்டு எண்களையும் மாஸ்டர் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரில் 'கை வாட்சில் இருவருக்கும் 55.5' என்று எழுதியிருக்கிறார். வேறு விமர்சனம் இல்லை. மறு வருடம் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது, உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாருக்கும் கிடைத்தது. அந்தச் செய்தியை வெட்டி ஒட்டி, பக்கத்தில் ஒரே வார்த்தை: 'வாத்தியாருக்கும்.'

மாஸ்டர் அடிக்கடி சொல்கிற இன்னொரு வாத்தியார் சார்லஸ் ரைலி. ஜெஸ்ஸி ஓவன்ஸ் சிறுவனாக இருந்தபோது பள்ளி விட்டதும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் பள்ளி தொடங்கும் முன்பே, காலையில் வந்து பயிற்சி கொடுத்தவர் ரைலி. 1936இல் பெர்லினில் ஓவன்ஸ் வாங்கிய நாலு தங்கத்தைச் சொல்லும்போதெல்லாம் மாஸ்டர் இந்தக் காலை நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்வார். சொன்னதோடு விடவில்லை. நம் உறுப்பினர் ஒருவர் மாணவராக இருந்தபோது சாயங்காலம் கடையில் நின்றார். அவர் ஒருவருக்காக மாஸ்டர் இரண்டு வருடம் விடியற்காலையில் வந்தார். நோட்டில் அந்த நாட்களுக்குத் தனிப் பட்டியல், ஒற்றைப் பெயரோடு. அந்த உறுப்பினர் இதுவரை சந்தா பாக்கி வைத்ததே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சந்தா என்றதும் நினைவுக்கு வருகிறது. பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டு கட்டவில்லை. சிலர் மூன்று ஆண்டாகக் கட்டவில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில்தான் இருக்கிறது, தங்கள் பெயர் உண்டா என்று பார்க்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். மாஸ்டர் இருந்தவரை வருட முடிவில் அவரே இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, "என்னடா, சங்கத்துக்கு ஏதோ பாக்கியாமே?" என்று கேட்பார், மறுநாள் பணம் வந்துவிடும். இவ்வளவு நாளும் சங்கம் ஓடியது என் நிர்வாகத் திறமையால் என்று நினைத்திருந்தேன். இப்போது தெரிகிறது.

கணக்கு விவரம். போன ஆண்டுக் கையிருப்போடு இந்த ஆண்டு வரவைச் சேர்த்து, செலவு போக ஒரு சிறு தொகை மிச்சம். விரிவான கணக்கு பொருளாளரிடம் உள்ளது. 'இதரச் செலவு' என்ற தலைப்பு இம்முறை கொஞ்சம் பெருத்திருக்கிறது. நோட்டுகளைப் படம் எடுத்த செலவும் தட்டச்சுச் செலவும் அதற்குள் இருக்கின்றன. தணிக்கையாளர் கேட்டார், சொன்னேன், கையெழுத்துப் போட்டார்.

நன்றி. மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும் நன்றி. பக்கம் எழுதித் தந்த ஏழு பேருக்கு மனமார்ந்த நன்றி.

அடுத்த ஆண்டுக்கு முகாமை மறுபடி தொடங்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். செயலாளர் பொறுப்பை யார் கேட்டாலும் இன்றைக்கே கொடுக்கத் தயார். சாவி, முத்திரை, ரசீதுப் புத்தகம் எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். நினைவுப் புத்தகத்தை மட்டும் முடிக்கும்வரை என்னிடம் விட்டால் நல்லது. ஆனால் அது முடியாமல் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசியாக அதைச் சொல்கிறேன்.

22 நோட்டுகளையும் முதல் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தேன். எல்லோரும் தங்கள் பெயரைத் தேடினார்கள். கை மாறிக் கை மாறிப் போனது. கூட்டம் முடிந்து எண்ணியபோது 21. ஏழாம் எண் இல்லை. நான் வரிசையாகப் படித்து வந்ததில் ஆறு வரைதான் முடித்திருந்தேன்.

ஏழாம் நோட்டு எங்கள் வருடத்து நோட்டு. அந்த வருடம் 4 x 100 ரிலே இறுதியில் மூன்றாம் ஆள் நான். அன்று பேட்டனை, அதாவது ரிலேயில் கைமாற்றும் கோலை, மாற்ற 20 மீட்டர்தான் இடம், இப்போதுபோல 30 இல்லை. நாலாம் ஆள் கையை நீட்டினான், நான் வைத்தேன், அவன் விரல் மூடும் முன்பே விட்டுவிட்டேன். பேட்டன் உருண்டு பக்கத்துப் பாதைக்குப் போனது. தவறவிட்டவன்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த விதி தெரியும், ஆனாலும் நின்றேன். "எடுடா!" என்று மாஸ்டர் கத்தியது கேட்ட பிறகுதான் குனிந்தேன். கடைசியாக வந்தோம். கோட்டருகே அவர் நோட்டைத் திறந்தார், ஏதோ எழுதினார், வழக்கத்தைவிட நீளமாக எழுதினார். மூடினார். "தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

வருடங்கள் கழித்து, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே ஒரே நாளில், முதல் சுற்றிலேயே பேட்டனைக் கீழே விட்டன. இரண்டுமே மூன்றாம் ஆளிடமிருந்து நாலாம் ஆளுக்குப் போகும்போது. அன்று மாஸ்டரிடமிருந்து போன். "பாத்தியா? அவங்களும் விட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு திரும்பிப் போய் எடுத்துட்டு ஓடி முடிச்சா பாரு, அதுதான்." வைத்துவிட்டார். அப்போதாவது கேட்டிருக்கலாம், நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று. கேட்கவில்லை.

நோட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. உங்கள் பெயரும் அதில் இருக்கிறது, ஆசையில் எடுத்திருப்பீர்கள், புரிகிறது. சங்க அறை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். படியெடுத்துக்கொண்டு தந்தாலும் சரி. தர மனமில்லை என்றால், அந்த ரிலே நாள் பக்கத்தை மட்டும் போனில் எனக்குப் படித்துக் காட்டினால் போதும். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்