பெயர்கள் இல்லாத ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

நன்றி மடல் என்றால் பெயர்ப் பட்டியல் இருக்கும். இதில் ஒரு பெயர்கூட இருக்காது. உங்களில் ஒருவரின் பெயரை எழுதினாலும் போதும், நீங்கள் வாராவாரம் யாரோடு அலுவலக வாசலில் காத்திருந்தீர்கள் என்று அக்கம்பக்கத்தார் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு பிள்ளையின் கதையை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது என்பது நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்ட விதி. அதனால், படிக்கும்போது "இது என்னைத்தான் சொல்கிறது" என்று உங்களுக்கே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நம் திட்டத்தைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்காகச் சில வரிகள். பெற்றோரிடம் வளர முடியாமல் போனவர்கள், பராமரிப்பு இல்லத்தை விட்டு வெளியேறும் வயதை எட்டியவர்கள், வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் என்று இந்த இளையோரின் வாழ்க்கையைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுக்கப்படுகின்றன. அந்த மேசையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு துறை, ஒரு மேலதிகாரி, ஒரு கோப்பு உண்டு. அந்த இளையவருக்காக மட்டுமே வந்த ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவரைத் துணைநிற்பவர் என்கிறோம். திட்டம் அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி, பயிற்சி வகுப்புகளை நடத்திக்கொடுத்த வழக்கறிஞருக்கு. சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பார் என்று நினைத்து வந்தவர்களை அவர் முதல் நாளே ஏமாற்றினார். 1977-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி, போதிய தகவல் இல்லாமல் குழந்தைகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்று கலங்கி, பயிற்சி பெற்ற பொதுமக்களைக் குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் பேச வைத்த கதையிலிருந்து ஆரம்பித்தார். அந்த முறையில், பிள்ளைக்கு எது நல்லது என்று தன்னார்வலரே விசாரித்து நீதிபதியிடம் சொல்வார். இங்கிலாந்து போன்ற இடங்களில் வேரூன்றிய இன்னொரு முறை உண்டு. அதில் இளையவர் என்ன விரும்புகிறாரோ அதை அப்படியே சபைக்குக் கொண்டுபோவதுதான் வேலை. துணைநிற்பவரின் சொந்த அபிப்பிராயம் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். இரண்டையும் விளக்கிவிட்டு, "எதைச் செய்யப் போகிறீர்கள்? கலந்து செய்தால் பிள்ளை உங்களை நம்பாது" என்றார். நாம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

அது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடலின் பாதி. ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, போகாமல் இருப்பதே நல்லது என்று உங்களுக்குத் தோன்றுகிற ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போக விரும்புகிறது. ஆபத்து என்று தெரிந்தால் உடனே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் ரகசியம் கிடையாது என்பதைப் பிள்ளைக்கும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆபத்தில்லாத, வெறுமனே நமக்குப் பிடிக்காத விருப்பங்கள்தான் அதிகம். படிப்பை மாற்ற வேண்டும், அண்ணனைப் பார்க்க வேண்டும், இந்த இல்லம் வேண்டாம், அந்த ஆலோசகரிடம் இனிப் பேச மாட்டேன். இவற்றையெல்லாம் உங்களில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துச் சொன்னீர்கள். கூட்டம் முடிந்து என்னை அழைத்து அரைமணி நேரம் புலம்பினீர்கள். புலம்ப வேண்டிய இடம் அதுதான். அந்த அழைப்புகளைச் சலிக்காமல் எடுத்துப் பேசிய மேற்பார்வைக் குழுவினருக்கு என் தனி வணக்கம்.

ஒரு நிகழ்வை மட்டும் விரிவாகச் சொல்ல, அதில் வரும் இளைஞரே அனுமதி தந்திருக்கிறார். அவர் நிலையை அவ்வப்போது பார்த்து முடிவெடுக்கும் மீளாய்வுக் கூட்டங்களுக்கு அவர் வருவதே இல்லை, அக்கறை இல்லாதவர் என்று கோப்பில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த துணைநிற்பவர் ஒரு வேலை செய்தார். கூட்டம் நடந்த தேதிகளையும் பையனின் பள்ளி நேரத்தையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார். ஒவ்வொரு கூட்டமும் வகுப்பு நேரத்தில், இரண்டு கூட்டங்கள் தேர்வு நாளில். தாளை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். அடுத்த கூட்டம் மாலையில் நடந்தது. பையன் வந்தார், தான் சொல்ல வேண்டியதைத் தானே சொன்னார். அந்தக் கூட்டத்தில் துணைநிற்பவர் வாயே திறக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெருமை.

துறைகளின் பக்கம் இருந்தவர்களையும் மறக்கக் கூடாது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20-இல் ஏற்கப்பட்டது. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையை அதன் 12-ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2009-இல் வெளியிட்ட 12-ஆவது பொதுக் கருத்துரை இன்னொரு படி போகிறது: முடிவு என்ன, பிள்ளை சொன்னது எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் பிள்ளைக்குத் திரும்பச் சொல்ல வேண்டும் என்கிறது. கூட்டங்களுக்குத் தலைமை தாங்கும் ஓர் அதிகாரி இதை வாசித்த பிறகு, முடிவெடுத்த கையோடு பிள்ளையிடம் நேரில் வந்து, "நீ கேட்டது கிடைக்கவில்லை, காரணம் இது" என்று சொல்லத் தொடங்கினார். கேட்டது கிடைக்காத பிள்ளைகளே அவரைப் பற்றி மரியாதையாகப் பேசுகிறார்கள். அம்மா, உங்களுக்கு நன்றி. இதற்கு ஒரு காசும் செலவில்லை என்பதை மற்ற தலைமை அதிகாரிகளுக்கும் நீங்களே எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் தடுப்பூசிக் குறிப்பும் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவருக்கு நன்றி. ஐந்தாறு இடம் மாறி வளர்ந்த ஒருவரின் காகிதங்கள் ஐந்தாறு இடங்களில்தான் கிடக்கும். அவை இல்லாமல் வேலையும் கிடையாது, வாடகைக்கு அறையும் கிடையாது. வண்டி ஓட்டியவர்கள், மொழிபெயர்த்துச் சொன்னவர்கள், கூட்டம் நடத்த இடம் தந்தவர்கள், தங்கள் பெயர் வேண்டாம் என்று சொல்லிப் பணம் தந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. விண்ணப்பப் படிவத்தைப் பாதியாகக் குறைத்த புண்ணியவானுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

இனி இளையோருக்கு. துணைநிற்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் நீங்களும் உட்கார்ந்து கேள்வி கேட்டீர்கள். நாங்கள் படிப்பு, அனுபவம், பொழுதுபோக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, "வர முடியாமல் போனால் எப்போது சொல்வீர்கள்?" என்று ஒரு பெண் கேட்டார். அந்தக் கேள்வி இப்போது எல்லா நேர்காணலிலும் முதலில் வருகிறது. எங்கள் கையேட்டில் உங்களுக்குப் புரியாத வரிகளை அடித்துத் திருத்தியதற்கும், சிரிப்பு வருகிற வரிகளைச் சுற்றி வட்டம் போட்டதற்கும் நன்றி.

அடுத்த சுற்றில் தொடர முடியாதவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை மாற்றம், உடல்நிலை, வீட்டுப் பொறுப்பு என்று எந்தக் காரணமானாலும் விளக்கம் தேவையில்லை. நீங்கள் செய்ததற்கே நன்றி. ஆனால் உங்கள் பிள்ளைக்கு அதைக் குறுஞ்செய்தியில் சொல்லாதீர்கள், என்னைச் சொல்லச் சொல்லவும் வேண்டாம். சொல்லாமல் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். முன்கூட்டியே நேரில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் ஒருமுறை சந்தியுங்கள். அடுத்து வருபவரை அந்தச் சந்திப்புக்கு அழைக்கலாமா என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள். தேதியை முடிவு செய்துவிட்டு எனக்குத் தெரிவித்தால் மற்ற ஏற்பாடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்